சமாதானம் சொல்லும் நேரம்

மனைவி லிடியாவை அடித்த வழக்கில் கோர்ட் என்னைச் சிறைக்கு அனுப்பாமல், இரண்டு வருட நன்னடத்தைப் பிணையில் விட்டது. அவள் இருக்கும் இடத்துக்கு நான் போகக் கூடாது என்பது நிபந்தனை.

கையெழுத்துப் போடத் திண்டுக்கல் ஆபீசுக்குப் போனபோது நன்னடத்தை அலுவலரிடம் கேட்டேன்.

"மாதா கோயிலுக்குப் போகலாம்ல மேடம்? அவளும் பூசைக்கு வருவா. பூசை நடுவுல சாமியார் 'ஒருத்தருக்கொருத்தர் சமாதானம் சொல்லுங்க'ம்பாரு, அப்ப பக்கத்துல நிக்கிறவங்களக் கும்புடணும். நான் போய் நின்னா, அவ கும்புடாம என்ன செய்வா?"

அவர் பேனாவை மூடினார்.

"அம்புட்டு சனம் பாக்க, அவங்களால மாட்டேன்னு சொல்ல முடியாது. அதானே ஒங்களுக்கு வேணும்?"

ஒவ்வொரு முறை அடித்த பிறகும், "மன்னிச்சிட்டேன்னு சொல்லுடி" என்று, அவள் சொல்லும்வரை கையை முறுக்கியவன் நான்.