வெள்ளிப்பாறைக்கு ஒரு தீர்ப்பு

பட்டாபி சாரிடம் நான் எட்டு வருஷம் டைப்பிஸ்டாக இருந்தேன். முதல் ஆறு வருஷம் அவர் ஷேர் புரோக்கர். கடைசி இரண்டு வருஷம் டி.வி.யில் நாட்டு நடப்பைப் பேசி ஊரையே இரண்டாக்கியவர். இரண்டு வேலையிலும் அவர் செய்தது ஒன்றுதான்: சத்தம் போடுவது.

ஆபீஸ், ‘சாலை’ என்ற பெயருள்ள கடைத்தெருவில், ஒரு அரிசி மண்டிக்கு மேலே. கொச்சிக்கும் மெட்ராஸுக்கும் டிரங்க் கால் போட்டு அவர் கத்துகிற கத்தலில் கீழே மூட்டை தூக்குகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். அந்தத் தொழிலில் கடிதாசு எல்லாம் அப்புறம்தான். போனில் ‘வாங்கு’ என்றால் வாங்கியாயிற்று, ‘வில்’ என்றால் விற்றாயிற்று. சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுப்பவனை மறுநாள் யாரும் மதிக்க மாட்டார்கள். சார் ஒருமுறைகூட எடுத்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு.

எண்பத்தைந்தில் பட்ஜெட் அன்று டி.வி.யில் பேச வேண்டிய புரொபசருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. நிகழ்ச்சி நடத்துகிறவர் எங்களிடம் ஷேர் வாங்குகிற ஆள். ஆபீஸுக்கு ஓடிவந்து, உடுத்தியிருந்த வேஷ்டியோடு சாரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். தான் குடியிருந்த கரமனை அக்ரகாரத்து மலையாளத்தில் சார் கால் மணி நேரம் பட்ஜெட்டைப் போட்டுத் தாளித்தார். முடிவில், “இந்த பட்ஜெட் ஒரு ஷேராக இருந்தால் நான் மத்தியானத்துக்குள் விற்றிருப்பேன்” என்றார். மறுநாள் டீக்கடை முழுக்க அதே பேச்சு.

அப்புறம் வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் ஏழரைக்கு ‘வாரவிசாரம்’ என்று அவருக்கே பத்து நிமிஷம் கொடுத்தார்கள். எதைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் ஷேருக்குச் சொல்வதுபோல் ஒரு தீர்ப்பு உண்டு. வைத்திருக்கலாம் என்றால் ‘வெய்க்காம்’. கைகழுவலாம் என்றால் ‘வில்க்காம்’. பஸ் சர்வீஸ்? வில்க்காம். குடிதண்ணீர்த் திட்டம்? வில்க்காம். ஒரு மந்திரியின் பெயரைச் சொல்லி ‘வில்க்காம்’ என்ற அன்று கரமனை ஜங்ஷனில் வைக்கோல் பட்டாபி எரிந்தார். ‘பட்டருக்கு நாக்கு நீளம்’ என்று சுவரில் எழுதினார்கள்; தமிழ்ப் பிராமணரை அங்கே பட்டர் என்பார்கள். சார் ரிக்‌ஷாவை நிறுத்தி அதைப் படித்துவிட்டு, “எழுத்து லட்சணமா இருக்கு” என்றார். ஷேர் வியாபாரம் படுத்துவிட்டது. வந்து போகிறவர்களெல்லாம் அவர் முகத்தைப் பார்க்க வந்தார்களே தவிர, வாங்கவும் விற்கவும் இல்லை. அவருக்கு அது உறைக்கவே இல்லை.

இனி என் கதை. பொன்முடி மலைக்குப் போகிற வழியில் பிரிந்து ஏறினால் வெள்ளிப்பாறைத் தேயிலை எஸ்டேட். என் அப்பா வன்னியராஜ் அங்கே நாற்பது வருஷத் தொழிலாளி. அம்மா நாச்சியார் கொழுந்து பறிக்கிறவள். லயத்தில், அதாவது எஸ்டேட் கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்றில்தான் நான் பிறந்தேன். பூர்வீகமான தென்காசிப் பக்கம் எங்களுக்குச் சொந்தமாக ஒரு முளைக்குச்சி அடிக்கக்கூட இடம் கிடையாது. லயம் போனால் எல்லாம் போயிற்று.

எண்பத்தாறு கடைசியில் மூன்று மாதமாகச் சம்பளம் இல்லை. பி.எஃப். பணம் பிடித்தார்கள், கட்டவில்லை. ஃபாக்டரி ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடியது. அப்பா என்னைத் தேடி ஆபீஸுக்கு வந்தார். மகளை அவர் ‘மக்களே’ என்றுதான் கூப்பிடுவார்.

“மக்களே, சாரு ஒரு வாக்கு சொன்னா மந்திரியே முழிச்சுக்கிடுதாருல்லா. நம்ம காரியத்த அவரு ஒண்ணு பறைஞ்சா போதும். கவர்மெண்ட்டு எஸ்டேட்ட ஏத்தெடுத்து நடத்தும்.”

நான்தான் சாரிடம் சொன்னேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

“இதை ஏண்டி முன்னாடியே சொல்லலை?” என்று சார் என் மேல் எரிந்து விழுந்தார். அப்பாவை உட்காரவைத்து, சம்பளச் சீட்டு ஒவ்வொன்றையும் வாங்கிப் பார்த்தார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அவர் கல்மனசுக்காரர் என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வியாழக்கிழமை அவர் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். கடைசி வரிக்கு வந்ததும் கை நின்றது. எஸ்டேட்டுக்குக் கடன் கொடுத்து சம்பளம் போட வைப்பதற்காகத் திங்கட்கிழமை லேபர் ஆபீஸில் பேங்க்காரர்களோடு பேச்சு இருந்தது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

“சார், இந்த வாரம் தீர்ப்பு வேண்டாமே.”

“தீர்ப்பு இல்லேன்னா எவன் பாப்பான்? மொதலாளிக்கு உறைக்கற எடத்துல சுட வேண்டாமா? எஸ்டேட் ஷேர் விலை விழுந்தா அலறிண்டு வருவான், பாரு.”

எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனாலும் அடித்தேன். என் அப்பா பேரை ஊர் முழுக்கக் கேட்கப்போகிறது என்ற பெருமை எனக்கு. அந்தப் பெருமையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

வெள்ளிக்கிழமை கரமனையில் சாரின் வீட்டில், அவர் மனைவி சூடாமணி மாமியோடு உட்கார்ந்து பார்த்தேன். சார் அப்பாவின் சம்பளச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பேசினார். மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடைசியில் அவர் கேமராவை நேராகப் பார்த்து, “வெள்ளிப்பாறை எஸ்டேட்? வில்க்காம். இன்னு தன்னே வில்க்காம்” என்றார். இன்றைக்கே கைகழுவச் சொல்லிவிட்டார். மலையில் எல்லோரும் கைதட்டினார்களாம். அப்பா சொன்னார்.

திங்கட்கிழமை பேங்க்காரர்கள் லேபர் ஆபீஸுக்கு வந்து ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். டி.வி.யில் இவ்வளவு கேட்ட பிறகு கடன் கொடுக்க மேலிடம் சம்மதிக்காது. செவ்வாய் விடியும்போது மானேஜரின் ஜீப் இல்லை, பங்களா காலி. ஃபாக்டரிக் கதவில் பூட்டு. பக்கத்தில் ஒரு நோட்டீஸ்: முப்பது நாளில் லயங்களைக் காலி செய்ய வேண்டும்.

“எப்படியும் மூடியிருப்பாண்டி. ஒரு மாசம் முன்னே பின்னே” என்றார் சார்.

இருக்கலாம். எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாததுதான் தாங்க முடியவில்லை.

புதன்கிழமை டி.வி. நிலையத்திலிருந்து சாரின் வீட்டுக்குக் கடிதம் வந்தது. யார் யாரைப் பிடித்தார்களோ, ‘வாரவிசாரம்’ இந்த வாரத்திலிருந்து கிடையாது என்று இரண்டே வரி. சார் அதை மடித்து முன்ரூம் மேஜையில் கிடந்த பேப்பருக்கு அடியில் வைத்தார். அன்று ஒரு டிரங்க் கால்கூடப் போடவில்லை.

வியாழக்கிழமை காலையில் முதல் பஸ்ஸில் பதினொரு பேர் மலையிலிருந்து இறங்கி, கரமனைக்கு வந்துவிட்டார்கள். அப்பாதான் முன்னால். அக்ரகாரமே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. கடிதங்களில் சாரின் கையெழுத்து வாங்க அங்கே போயிருந்த நான், சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்று பயந்தேன். சண்டைக்கு வந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

“சாமி,” என்றார் அப்பா கையைக் கட்டிக்கொண்டு. “சாமி ‘வில்க்காம்’னு சொன்னீங்க, பூட்டிட்டுப் போயிட்டான். உங்க வாக்குக்கு அம்புட்டு பவர் உண்டு. நாங்க கண்டுட்டோம். நாளைக்கு வெள்ளியாழ்ச்சையில்லா? ‘வெய்க்காம்’னு ஒரு வார்த்த சொல்லுங்க. தொறந்துருவான்.”

பின்னால் நின்ற பத்துப் பேரும் தலையாட்டினார்கள். லாரி டிரைவர் தளவாய், “ஒற்ற வார்த்த மதி, சாமி. ஒண்ணே போதும்” என்றான்.

சார் பேப்பரைப் பார்த்தார். அதன் அடியில் இருப்பது என்னவென்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இத்தனை வருஷத்தில் சொன்ன வார்த்தையை மாற்றாத மனுஷன்.

“சரி. சொல்றேன்” என்றார்.

மாமி எல்லோருக்கும் காபி கொடுத்தாள். அப்பா தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுத்தான் கிளம்பினார். அவர்கள் தெரு திரும்பியதும் நான் சார் முன்னால் போய் நின்றேன்.

“ஏன் சார் பொய் சொன்னீங்க?”

“ப்ரோக்ராம் போயிடுத்துன்னு சொல்ல வாய் வரலைடி” என்றார். “அந்த மூஞ்சியப் பாத்துண்டு எப்படிச் சொல்றது? நீ அவா பொண்ணு. நாளைக்கு நீ போய்ச் சொல்லிடு.”

அந்த ஒரு நிமிஷம் அவரை நான் வெறுத்தேன். மந்திரியைச் சொல்ல வாய் வந்தது. எங்களை விற்கச் சொல்ல வாய் வந்தது. இதற்கு மட்டும் நான் போக வேண்டும். அன்றோடு வேலை போதும் என்று ஆபீஸ் சாவியை அவர் மேஜையில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை நாலு மணி பஸ்ஸில் ஏறினேன். வளைவுக்கு வளைவு மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அப்பா, நிகழ்ச்சி நின்றுபோயிற்று. அப்பா, அவர் இனி பேச மாட்டார். லயத்துக்குப் போய்ச் சேரும்போது ஏழு மணி தாண்டிவிட்டது.

ஃபாக்டரி வழியாக வந்த கரண்ட் ஃபாக்டரியோடு போயிருந்தது. சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஷெட்டில்தான் யூனியன் வாங்கிய கறுப்பு வெள்ளை டி.வி. இருந்தது. தளவாய் லாரி பேட்டரியைக் கழற்றிக் கொண்டுவந்து அதற்கு இணைப்புக் கொடுத்திருந்தான். எழுபது எண்பது பேர் தரையில் இருந்தார்கள். அம்மா குளித்து, விசேஷத்துக்கு உடுத்தும் சேலையைக் கட்டியிருந்தாள். இருந்த ஒரே நாற்காலியை எனக்குப் போட்டார்கள்.

“எம்பொண்ணாக்கும் சாருகிட்ட சொல்லிக் கொடுத்தது” என்று அம்மா பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். நான் அம்மாவைத் தனியே கூப்பிட நினைத்தேன். அதற்குள் மணி ஏழரை.

திரையில் நாலு பெண்கள் வட்டமாகக் கைகொட்டித் திருவாதிரைக்களி ஆடினார்கள். எல்லோரும் கண் எடுக்காமல் பார்த்தார்கள். சார் வரக் கொஞ்சம் தாமதமாகிறது என்றுதான் நினைத்தார்கள் போலிருக்கிறது. ஆட்டம் முடிந்து பயிருக்கு வரும் பூச்சியைப் பற்றி ஒருவர் பேசினார். அப்பா அதையும் கடைசி வரை கவனமாகக் கேட்டார். பிறகு செய்தி வந்தது. குழந்தைகள் மடியிலேயே தூங்கிவிட்டன.

எல்லோரும் திரையை விட்டு என்னைப் பார்த்தார்கள். ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை. சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். பஸ்ஸில் அத்தனை தடவை சொல்லிப் பார்த்திருந்தும், நான் திரும்பித் திரையைப் பார்த்தேன்.

“சாருக்கு சொகமில்லையாயிருக்கும்” என்றார் அப்பா. எழுந்து போய் டி.வி.யை அணைத்தார். “தளவாய், பேட்டரிய வேற எதுக்கும் எடுக்காதடே. சார்ஜ் தீந்துரும். வர்ற வெள்ளிக்கு வேணும்.”

நான் நாற்காலியிலிருந்து எழுந்து, ஒயரைக் கழற்றிச் சுருட்டி அவர் கையில் கொடுத்தேன்.