துண்டு வீசலாமா

மூன்று நிமிடம்தான் பேசலாம் என்று நந்தினி தேவதாஸிடம் சொல்லியிருந்தாள். மீனவர் சங்கத்தில் வேலை பார்க்கும் பெண் அவள். பழவேற்காட்டுச் சங்கக் கட்டடத்தில் லேப்டாப்பைத் திறந்து, ஜெனீவாவில் இருக்கும் ஒரு மண்டபத்தைக் காட்டினாள். தானே ஆளைத் தேர்ந்து கொல்லும் ஆயுதங்களுக்குச் சட்டம் போடலாமா என்று பல நாட்டுத் தூதர்கள் அங்கே வருஷக்கணக்காகப் பேசுகிறார்களாம். ஒரு வார்த்தைக்கு ஒரு வாரம் மல்லுக்கட்டுகிறவர்கள் தேவதாஸுக்கு மூன்று நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள்.

அவருக்குச் சட்டமெல்லாம் அப்புறம். ஒரு பதில் வேண்டும். வேண்டாமென்று கெஞ்சியும் கேட்காமல் வளைகுடாவுக்கு மீன் பிடிக்கப் போன மகன் சாம்சன் காலையில்தான் போன் செய்திருந்தான்.

"நைனா, அந்த ஆளில்லாத விமானம் வந்தா துண்டு வீசணுமா, படுத்துக்கணுமா? அவங்களாண்ட கேட்டுச் சொல்லு. இன்னிக்கு மறுபடி கடலுக்குப் போறோம்."

"பெரிய பெரிய ஆளுங்கடா. தெரியாமயா இருக்கும்? கேட்டுச் சொல்றேன்."

"பேசுங்கண்ணே," என்றாள் நந்தினி.

தேவதாஸ் திரைக்கு நெருங்கி உட்கார்ந்தார். "ஐயா, போன வருஷம் நானும் எங்க ஊர் தனக்கோடியும் அந்த வளைகுடாக் கடல்ல ஒரே மீன்பிடி லாஞ்சுல இருந்தோம். சண்டை யாருக்கும் யாருக்கும்னுகூட எங்களுக்குத் தெரியாது. பட்டப்பகல்ல ஆளில்லாத விமானம் ஒண்ணு வந்துச்சு. எங்க ஏரியில வலை விட்டிருக்கறப்போ எதிர்ல போட் வந்தா துண்டை வீசுவோம். இங்க ஆளுங்க இருக்கோம், ஒதுங்கிப் போன்னு அர்த்தம். எப்பேர்ப்பட்ட பகையாளியும் ஒதுங்கிடுவான். தனக்கோடியும் அப்படித்தான் வீசினான். அது பாட்டுக்குப் போய்க்கினு இருந்தது, ஐயா. துண்டு ஆடினதும் திரும்பி வந்து அவனை அடிச்சிது. அவன் இப்போ உயிரோட இல்ல."

ஒரு தூதர் ஏதோ கேட்டார். மொழிபெயர்க்கும் பெண்ணின் குரல் தமிழில் வந்தது. "தூரத்திலிருந்து அதை யாரும் இயக்கவில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுங்க. மனுசன் ஓட்டியிருந்தா துண்டைப் பார்த்துட்டு ஒதுங்கியிருப்பான்னு நெனச்சேன்."

"அசையாமல் படுத்திருந்ததால்தான் நீங்கள் தப்பினீர்களா?"

"நான் படுக்கவே இல்லைங்க. ஐஸ் அள்ளக் கீழ இறங்கியிருந்தேன். தலையை நீட்டிப் பார்த்தேன், அவ்ளோதான்."

திரையில் கடிகாரம் சிவப்பானது. தேவதாஸ் எழுந்தே விட்டார். "ஐயா, என் புள்ள இன்னிக்கு அந்தக் கடலுக்குப் போறான். அது வந்தா கையைத் தூக்கணுமா, கூடாதா? யாராவது ஒருத்தர் சொல்லுங்க."

மண்டபத்தில் சிலர் காகிதத்தைப் பார்த்தார்கள். ஒருவர் காதுக்கருவியைச் சரிசெய்துகொண்டார். கேள்வி குறித்துக்கொள்ளப்பட்டது, அடுத்த கூட்டத்தொடரில் பேச்சு தொடரும் என்று சொல்லித் தலைவர் நன்றி கூறினார். இத்தனை நாளும் தேவதாஸுக்கு அந்த விமானத்தின் மேல்தான் பயம். இப்போது அந்த மண்டபத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. அங்கே யாருக்குமே தெரியவில்லை.

கையில் போன் அடித்தது. சாம்சனின் குரலுக்குப் பின்னால் லாஞ்சு எஞ்சின் இரைந்தது.

"கிளம்பிட்டோம். இன்னா சொன்னாங்க நைனா?"

தேவதாஸ் நந்தினியைப் பார்த்தார். அவள் லேப்டாப்பை மூடிக்கொண்டிருந்தாள்.

"படுத்துக்கோடா. துண்டைத் தொடாத."

"அவங்களே சொன்னாங்களா?"

"ஆமாண்டா. அவங்களேதான்."

"சரி, லாஞ்சுல பதினோரு பேர் இருக்கோம். எல்லாரையும் படுத்துக்கச் சொல்லிடறேன்."

"இர்றா, சாம்சன், அவங்க யாரும்..."

லைன் போய்விட்டது. தேவதாஸ் திரும்பத் திரும்ப அடித்தார். லாஞ்சு அதற்குள் டவர் எட்டாத தூரத்துக்குப் போயிருந்தது.