அக்கா அனுப்பிய டப்பா

கட்டிங் பிளேயரால் திருகி ஓவனை அணைத்துவிட்டு அவன் தட்டை வெளியே இழுத்தான். பட்டையும் கிராம்பும் சுக்கும் சேர்ந்த வாசனை வீட்டையே தூக்கியது. யாரோ வேண்டாமென்று போட்ட ஓவன் அது. சூடேற்றும் கம்பிச்சுருளை மாற்றி உயிர் கொடுத்துவிட்டான். திருகும் குமிழ் மட்டும் கிடைக்கவில்லை. அதனால் ஒரு பழைய பிளேயர் எப்போதும் அந்தக் காம்பைக் கவ்விக்கொண்டே நிற்கும். ஊருக்கெல்லாம் ஒயர் இழுக்கும் அவனைத் தெரு முழுக்க ‘ஃபியூஸ்’ என்றுதான் கூப்பிட்டது. அந்தப் பெயரை வைத்த புண்ணியவதி உள்ளே படுத்திருந்தாள்.

“டேய் ஃபியூஸு! அங்க என்னடா உருட்டுற?”

“அக்கா அனுப்புன பிஸ்கட்டச் சூடு பண்றேம்மா.”

அக்கா எப்போதோ ஒரே ஒரு முறை ஒரு டப்பா அனுப்பியிருந்தாள். அது தீர்ந்ததும் அடுத்ததற்காக அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்குப் போன் செய்தால், “பாக்கலாம்டா” என்பதோடு சரி. கருக்கி, கல்லாக்கி, ஒருவழியாகக் கை பழகிய பிறகு, அவனே செய்து அந்த டப்பாவில் போட்டு நீட்டினான். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. அன்றிலிருந்து இதே பொய்தான்.

காலையில் அம்மாவைப் பார்க்க வந்த நர்ஸ் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “இன்னைக்குப் பொழுதைத் தாண்டுறதே கஷ்டம். பேச வேண்டியதைப் பேசிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவனிடம் பேச ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அவன் செய்தது என்று தெரிந்தே அம்மா ஒரு தடவை ‘நல்லா இருக்கு’ என்று சொல்ல வேண்டும். நாற்பதைத் தாண்டியவனுக்கு வெட்கங்கெட்ட ஆசைதான். என்ன செய்வது, இருந்தது.

பிஸ்கட்டைப் பாலில் நனைத்து ஊட்டினான். அம்மா கண்ணை மூடிக்கொண்டு ருசித்தாள்.

“கைன்னா இது கை! இதுல கால்வாசி உனக்கு வந்திருக்கா? ஒரு வெந்நீர் வைக்கத் தெரியுமா உனக்கு?”

“நல்லா இருக்காம்மா?”

“என் பொண்ணு செஞ்சது நல்லா இல்லாமப் போகுமா?”

“அம்மா… இதைச் செஞ்சது நான்தாம்மா. இத்தனை நாளும் நான்தான்.”

மெல்வது நின்றது. அம்மா கண்ணைத் திறந்து அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பார்வைதான் மங்கியிருந்தது, ஏளனம் மங்கவில்லை.

“கிண்ணத்தக் கொண்டா.”

கொண்டுவந்து பிடித்தான். வாயில் இருந்ததை அதில் துப்பினாள்.

“கூடப் பொறந்தவ மேல இவ்வளவு வயித்தெரிச்சலாடா உனக்கு?”

அவன் அவள் உதட்டைத் துடைத்துவிட்டான். அதற்குப் பிறகு அம்மா பேசவில்லை. பொழுது சாய்வதற்குள் மூச்சும் நின்றுவிட்டது.

மறுநாள் அக்கா வந்து இறங்கினாள். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா அவளைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதார்.

“கடைசி வாய் வரைக்கும் நீ அனுப்புன பிஸ்கட்டுதாம்மா. எங்களுக்கு ஒண்ணு குடுக்க மனசு வராது அவங்களுக்கு. பெத்தா உன்ன மாதிரிப் பெக்கணும்.”

அக்கா திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்தான். ஒரு கணம்தான். அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

“பெத்தவளுக்கு இதக்கூடச் செய்யலன்னா எப்படி?” என்றாள்.

எல்லாம் முடிந்து வீடு காலியான பிறகு, அக்கா சமையலறைக்கு வந்து டப்பாவைத் திறந்தாள். ஒன்றைக் கடித்தாள். கண் விரிய இன்னொன்றையும் எடுத்தாள்.

“சூப்பரா இருக்குடா! எந்தக் கடையில வாங்குன? நான் கெளம்பும்போது ரெண்டு கிலோ வாங்கிக் குடு, உங்க மாமா விரும்பிச் சாப்பிடுவாரு.”

நேற்றிலிருந்து வராத அழுகை அவனுக்கு அப்போதுதான் முட்டிக்கொண்டு வந்தது. விழுங்கிக்கொண்டான்.

“அந்தக் கடைய மூடிட்டாங்கக்கா.”

“அடடா” என்று அக்கா மூன்றாவதை எடுத்தாள்.

அவன் ஓவனின் ஒயரைப் பிடுங்கினான். காம்பிலிருந்து பிளேயரைக் கழற்றி, அதில் ஒட்டியிருந்த மாவைச் சட்டையில் துடைத்துவிட்டு, வேலைப் பைக்குள் போட்டான்.