ஊமை எஞ்சினும் ஒரு குழம்புப் பானையும்

ஜம்புலிங்கம் செய்த ரயில் எஞ்சினில் எல்லாம் இருந்தது, சத்தம் மட்டும் இல்லை.

செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த தன் வீட்டுக் கூடத்தில், பலகை மேல் இரும்புப் பட்டை அடித்துத் தண்டவாளம் போட்டிருந்தான். லாரி வைப்பர் மோட்டாரில் ஓடும் எஞ்சின். ஒரு முழ நீளம், முழுக்கத் தகரம். புகைபோக்கி முதல் சக்கரத் தண்டு வரை அச்சு அசல். ஓட்டிப் பார்த்த அன்றே அதன் மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடிவிட்டான்.

"ஊமை எஞ்சின். பொணம் நடக்கறாப்ல கீது" என்றான்.

அவன் அரக்கோணம் லைனில் நீராவி எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போட்ட பயர்மேன். டிரைவராவதற்கு ஒரு படிதான் பாக்கி என்றிருந்தபோது காது பரிசோதனையில் தோற்றான். வருடக்கணக்காகக் கொதிகலன் பக்கத்தில் நின்றால் காது என்ன கல்லா? எஞ்சினிலிருந்து இறக்கிப் பார்சல் ஆபீசில் உட்கார வைத்தார்கள். அன்றிலிருந்து மனுஷன் பேச்சையே குறைத்துக்கொண்டான்.

அவன் மனைவி வச்சலாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. அவள் நெம்மேலி மீனவக் குடும்பத்துப் பெண். தபால் வழியாக ரேடியோ ரிப்பேர் படித்து, வாசலிலேயே கடை போட்டவள். எடுத்த காரியத்தைப் பாதியில் விட்டதாகச் சரித்திரம் இல்லை. அந்த எஞ்சினைப் பேச வைத்து, புருஷனை மறுபடி அதன் பக்கத்தில் உட்கார வைப்பது என்று முடிவு கட்டினாள்.

ரேடியோவில் ஒரு ஸ்டேஷனுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே 'உஸ்' என்று ஓர் இரைச்சல் வரும். அதை நிறுத்தச் சொல்லித்தான் ஊரே அவளிடம் ரேடியோவைத் தூக்கி வரும். வச்சலாவுக்கு இப்போது அந்த இரைச்சல்தான் வேண்டியிருந்தது. நீராவி போடுவதும் அதே சத்தம்தானே. பழைய ரேடியோ ஒன்றைப் பிரித்து இரைச்சலை மட்டும் வைத்துக்கொண்டாள். எஞ்சின் சக்கரத்தின் அச்சில் நான்கு மேடு வைத்தாள். மேடு வந்து பித்தளைத் தகட்டைத் தட்டும்போது மட்டும் இரைச்சல் வெளியே வரும். சக்கரம் மெதுவாகச் சுற்றினால் உஸ், உஸ் என்று நிதானமாக வரும். வேகம் பிடித்தால் அதுவும் ஓட்டமெடுக்கும். டேப் ரிக்கார்டரை ஒளித்து வைத்து ஏமாற்றுகிற வேலை இல்லை. சக்கரம் நின்றால் சத்தமும் நிற்கும்.

ஓட்டிக் காட்டிய ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டுச் செங்கம்மாள் வாயைப் பிளந்தாள். "நெஜ ரயிலு வூட்டுக்குள்ள வந்துட்டாப்ல கீதே, வச்சலா."

ஜம்புலிங்கமும் தலையாட்டினான். "நல்லா கீது மே."

அவன் சொன்ன வேகம் வச்சலாவுக்குச் சந்தேகம் தந்தது. ரேடியோவின் குமிழை நைசாகத் திருகிச் சத்தத்தை அணைத்தாள். எஞ்சின் ஊமையாக ஓடியது. செங்கம்மாள் என்ன ஆச்சு என்று திரும்பிப் பார்த்தாள். அவனோ எஞ்சினைப் பார்த்தபடியே, "ரொம்ப நல்லா கீது" என்றான்.

வச்சலாவுக்குப் புரிந்துவிட்டது. ஒரு சத்தமும் காதில் விழாமல், அவள் மனசு நோகக் கூடாதென்று பொய் சொல்கிறான். அழ வேண்டும் போலத்தான் இருந்தது. அழுதால் எஞ்சின் பேசிவிடுமா? எழுந்து சோறு வடிக்கப் போனாள்.

அடுத்த வாரம் இருவரும் நெம்மேலிக்கு, அவள் அம்மா பூவாயி வீட்டுக்குப் போனார்கள். கரையில் கிடந்த கட்டுமரத்தில் ஜம்புலிங்கம் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். பெரிய அலை ஒன்று தொம்மென்று கரையில் விழுந்தது. அவன் தலை திரும்பியது. அதே அலை உஸ்ஸென்று மணலை இழுத்துக்கொண்டு பின்வாங்கியது. அதற்கு அவன் அசையவில்லை. அடுத்த அலைக்கும் அப்படியே. வச்சலா மணலில் ஓடி வந்து அவன் காதருகே கத்தினாள்.

"அலை வுழுறது கேக்குதாயா?"

"கேக்குது. ஏன் கத்துற?"

"அது திரும்பிப் போறது?"

"அதுக்கு இன்னா சத்தம் கீது?"

அவ்வளவுதான். வச்சலா நேரே அம்மாவின் அடுப்படிக்குப் போனாள். "அம்மா, அந்த மீன் கொழம்புப் பானைய குடு."

"எதுக்குடி?"

"ரயிலுக்கு."

பூவாயி மகளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பானையைக் கழுவிக் கொடுத்தாள்.

ஊர் திரும்பியதும் வச்சலா வேலையைத் தலைகீழாக்கினாள். அத்தனை பாடுபட்டுப் பிடித்த உஸ் சத்தத்தை வடிகட்டி எறிந்தாள். அதன் அடியில் கிடந்த கனத்த சத்தத்தை மட்டும் விட்டாள். சத்தம் இன்னும் கனக்கட்டும் என்று பெரிய ஸ்பீக்கர் ஒன்றைப் பானை வாயில் கவிழ்த்துக் கட்டிப் பலகைக்கு அடியில் வைத்தாள். ஒரு தடவையில் வரவில்லை. பிரித்தாள், மாற்றினாள், திரும்பவும் ஈயம் பற்ற வைத்தாள்.

செங்கம்மாள் எட்டிப் பார்த்தாள். "இன்னாடி இது, எருமைக்கு சளி புடிச்சாப்ல? நல்லா இருந்தத கெடுத்து வெச்சிட்டியே."

"உனக்கா செய்யறேன்?" என்றாள் வச்சலா, தலை நிமிராமல்.

இந்த முறை அவனைக் கூப்பிடவே இல்லை. கூப்பிட்டால் நல்லா கீது என்பான். அவன் வாசற்படியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தபோது, சாக்கை எடுத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டாள்.

தொப், தொப் என்று எஞ்சின் கிளம்பியது. அவன் முதுகையே பார்த்திருந்தாள். கடலை உரித்த கை நின்ற மாதிரி இருந்தது. நின்றதா, கடலைதான் தீர்ந்துவிட்டதா? அதற்குள் எஞ்சின் வளைவுக்குப் போயிற்று. அங்கே தண்டவாளத்தில் அவள் சிந்திய எண்ணெயைத் துடைக்க மறந்திருந்தாள். எஞ்சின் நகராமல் சக்கரம் மட்டும் நின்ற இடத்திலேயே சுழன்றது. சத்தம் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து படபடத்தது.

"வழுக்குது. மணல் வுடு, மணல் வுடு."

பயர்மேனாக இருந்தபோது எஞ்சின் சக்கரம் வழுக்கினால் கத்துவது போலவே, திரும்பிப் பார்க்காமல் சொன்னான் ஜம்புலிங்கம். சொன்ன பிறகுதான் எஞ்சின் சத்தம் தன் காதில் விழுந்தது அவனுக்கே புரிந்தது. மெல்லத் திரும்பினான். வச்சலா வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். ஸ்விட்சிலிருந்து மட்டும் கையை எடுக்கவில்லை.

அவன் வாசலில் ஒரு பிடி மணலை அள்ளி வந்து சக்கரத்துக்கு முன்னால் தூவினான். சக்கரம் பிடித்தது. படபடப்பு அடங்கி, தொப், தொப் என்று எஞ்சின் வளைவைத் தாண்டியது. கேட்டபடி கொஞ்ச நேரம் நின்றான். அப்புறம் ஸ்விட்சுக்குக் கையை நீட்டினான்.

"தள்ளிக்க மே. டிரைவரு நான்."

வச்சலா தள்ளி உட்கார்ந்தாள்.