மாடியறைக்கு ஓர் உதாரண வாக்கியம்

1

இந்தக் கதை ஓர் அகராதியில் பிறந்தது. 'ஹைட் அவுட்' என்ற ஆங்கில வினைக்குப் பொருளும் ஓர் உதாரண வாக்கியமும் எழுதித் தரச் சொன்னார்கள். பொருள் சுலபம்: தேடுகிறவர் கண்ணில் படாமல் ஓரிடத்தில் தங்கியிருத்தல். சும்மா ஒளிந்துகொள்ளக் கதவிடுக்கு போதும். இதற்குப் பாயும் சாப்பாடும் வேண்டும், நாள்கணக்கு ஆகும்.

உதாரணத்துக்கு இரண்டு விதிகள். பத்து வார்த்தையைத் தாண்டக் கூடாது. கற்பனை கூடாது, கண்ணால் கண்டதாக இருக்க வேண்டும். எழுபத்தொரு வருடம் வாய் கூசாமல் புளுகியவனுக்கு இந்த இரண்டாவது விதி... (வேண்டாம், சுயபுராணம்.)

2

முதல் வரைவு: கொள்ளைக்காரன் குகையில்...

அடித்துவிட்டேன். குகையை நான் கண்டதில்லை. [ஒரு குகையில் கரடியோடு சீட்டாடியது உண்டு. ஆனால் அங்கே ஒரே இருட்டு, எதையும் காணவில்லை.]

அப்போது மாடியறையில் யாரோ இருமினார்கள்.

3

இருமியவர் என் தங்கையின் கணவர், பேருந்து ஓட்டுநர். மூன்று வாரம் முன்பு கண் பரிசோதனையில் தோற்று வேலை போயிற்று. தங்கையிடம் சொல்லவில்லை. தினமும் சீருடை மாட்டி, அவள் கட்டித் தரும் டிபன் டப்பாவோடு கிளம்பி, என் மாடிக்கு வந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பார்.

"சொல்லித் தொலைங்களேன் மாப்பிள்ளை."

"எப்படி மச்சான்? நான் பஸ் ஓட்டுற அழகைப் பாத்துத்தான் கட்டிக்கிட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்றவ. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்ல?"

"அதே மூஞ்சிதான். கண்ணுதானே போச்சு."

"உங்களுக்கு எல்லாம் விளையாட்டு. இந்தாங்க, இன்னிக்கும் நிறைய வச்சிருக்கா."

பாதியை எனக்குத் தள்ளினார். ஓட்டுநருக்குப் பசி அதிகம் என்று அவள் நினைப்பதாக எங்கள் நினைப்பு.

கண்டதை எழுதினேன்: 'வேலை போன ஓட்டுநர், மனைவிக்குத் தெரியாமல் மச்சான் வீட்டு மாடியில் ஒளிந்து வாழ்கிறார்.'

எண்ணிப் பார்த்தேன். சரியாகப் பத்து. அந்தப் பெருமையிலேயே தபாலில் சேர்த்தேன்.

[அடிக்குறிப்பு: அந்த அகராதிக்குப் பிழை திருத்துபவள் என் தங்கை. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். தபாலில் போடும்போது எனக்கே ஞாபகமில்லை.]

4

முடிவு அ: தங்கை தலைவிரி கோலமாக ஓடி வருகிறாள். (அவள் ஓடுகிற ரகம் இல்லை.)

முடிவு ஆ: தாள் தபாலில் தொலைகிறது. (ஆசைதான். விதி இரண்டு இடிக்கிறது.)

நடந்தது: இன்று மத்தியானம் தொலைபேசி அடித்தது.

"அண்ணா, உங்க உதாரணம் பொருந்தல."

"ஏம்மா, பத்து வார்த்தைதானே?"

"தேடுறதுக்கு ஆள் இருந்தாத்தான் அந்த வினை வரும். இங்க யாரு தேடுறா? மூணு வாரமா ரெண்டு பேருக்குச் சாப்பாடு கட்டி அனுப்பிட்டிருக்கேன்."

வாயிலிருந்த அவள் சமையலை விழுங்கிவிட்டுக் கேட்டேன்.

"கேட்டிருக்கலாமே அவர்கிட்ட."

"அவரா சொல்லட்டும்னு இருந்தேன். பொறுமை போயிடுச்சு. இன்னிக்கு வந்து சொல்லலன்னா, நாளையிலிருந்து டப்பா கிடையாது. அங்கேயே இருந்துக்கட்டும். உங்க வாக்கியத்துல 'வாழ்கிறார்'ங்கறதாவது சரியாயிடும்."

5

மாடிப்படியில் மூன்றாவது படியில் நிற்கிறேன். அவள் சொன்னதை அப்படியே சொன்னால், மூன்று வாரமும் நடித்தது வீண் என்று மனுஷர் நொறுங்கிப்போவார். சொல்லாவிட்டால் இன்றும் வாயைத் திறக்க மாட்டார். புளுகலாம் என்றால், வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றும் வரமாட்டேன் என்கிறது.

அவரிடம் சொல்ல ஒரு வாக்கியம் நீங்கள்தான் எழுதித் தர வேண்டும். பத்து வார்த்தைக்குள். உங்களுக்குக் கற்பனை செய்யத் தடையில்லை.

கொஞ்சம் சீக்கிரம். மேலே டப்பா கழுவுகிற சத்தம் நின்றுவிட்டது. அவருடைய பேருந்து வீடு திரும்பும் நேரம்.