ஞாயிற்றுக்கிழமையைத் தின்னும் வசதி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. தம்பி வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் அவனும் அவன் மனைவியும் சண்டை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'அவளுடைய விழியோரம் ஈரம் துளிர்த்தது. அவன் எழுதிய நிரலை அவள்…'

வேண்டாம். இருபது வருடமாகக் குடும்பக் காதல் கதை எழுதினால் கை தானாக விழியோரம் போய்விடுகிறது.

இருவரும் ஒரு திறமூல மென்பொருளைப் பராமரிக்கிறார்கள். சின்ன மருத்துவ நிலையங்கள் நோயாளிப் பதிவேடு வைத்துக்கொள்வதற்கானது. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம். எடுத்துக்கொள்ள ஆயிரம் பேர். திருத்த ஒருத்தி: தம்பி மனைவி.

அதில் வயதான வசதி ஒன்று. இணையம் இல்லாத இடத்தில் பதிவேட்டைப் பென் டிரைவில் ஏற்றி, வேறு கணினிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். பன்னிரண்டு வருடத்துக்கு முன் தம்பி எழுதியது. புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் அது உடையும். அதை ஒட்டவைப்பதில் அவளுடைய ஞாயிற்றுக்கிழமைகள் போகும்.

2

"அந்த வசதிய எடுத்துடலாங்க," என்றாள் தம்பி மனைவி. "யாரும் பயன்படுத்தல. வாக்கெடுப்பு வச்சோம்ல? 'வசதி இருக்கட்டும்'னு முந்நூறு பேர். 'நான் பயன்படுத்துறேன்'னு ஒருத்தர் இல்ல. 'நான் திருத்தித் தரேன்'னும் ஒருத்தர் இல்ல."

"வாக்கெடுப்ப எங்கேம்மா வச்சீங்க?" என்று நான்தான் எட்டிப்பார்த்துக் கேட்டேன்.

"நம்ம இணையதளத்துலதான்க்கா."

(சிரிக்காதீர்கள். இணையம் இல்லாதவர்களின் கருத்தை இணையத்தில் கேட்ட இருவரும் முதுகலைப் பட்டதாரிகள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.)

3

ஒரு வாரத்தில் தபாலில் கடிதம் வந்தது. மலைமேல் ஒரு மருத்துவ நிலையத்தின் நர்ஸ். வசதியை நீக்கப்போகும் செய்தியைத் தலைமை அலுவலகத்தில் கேள்விப்பட்டாராம். "மாதம் ஒருமுறை பென் டிரைவுடன் பேருந்தில் கீழே வருகிறேன். இது போனால் நூற்றுப்பத்துக் குழந்தைகளின் தடுப்பூசி விவரத்தை மறுபடி கையால் எழுத வேண்டும். போனமுறை இது வேலை செய்யாதபோது அப்படி எழுதியதில் ஒரு குழந்தை விட்டுப்போயிற்று."

தம்பி மனைவி இரண்டு முறை படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, உண்மையச் சொல்லுங்க. இது நீங்க எழுதினதுதானே?"

"நான் எழுதியிருந்தா அந்த நர்ஸுக்கு இந்நேரம் ஒரு முறைமாமன் வந்திருப்பான்மா."

தம்பி பூரித்துப்போனான். "பாத்தியா, நான் எழுதினது எங்கெல்லாம் உதவுது!"

"நீங்க எழுதினதா, நான் ஒட்டவச்சதா?"

"இருந்தாலும் அடிப்படை என்னோடதுதானே…"

"அப்ப இந்த ஞாயிறு நீங்க உட்காருங்க."

தம்பிக்கு உடனே கழுத்து வலி வந்தது.

4

முடிவு, முதல் முயற்சி: தம்பி மனந்திருந்தி… (அவன் மனைவியே நம்பமாட்டாள்.)

இரண்டாவது: அவள் வசதியை நீக்குகிறாள். மலைமேல் நர்ஸ் பேனாவைத் தேடுகிறார். நூற்றுப்பத்தில் எந்தக் குழந்தை… (எழுதத் துணிவில்லை.)

மூன்றாவது: அவள் பெருமூச்சு விட்டு மறுபடியும் உட்காருகிறாள். என் நாவல்கள் எல்லாமே இப்படித்தான் முடியும். ஒரு பெண் பெருமூச்சுடன் வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வாள். நான் அடியில் 'சுபம்' போடுவேன். நீங்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த புத்தகம் வாங்குவீர்கள்.

5

இன்று ஞாயிறு காலை. அவளுடைய செருப்பு வாசலில் இல்லை. எங்கே போகிறாள் என்று என்னிடமும் சொல்லவில்லை. புதுப் பதிப்பு மாலையில் வெளியாக வேண்டும். "எப்பக்கா வருவா?" என்று தம்பி மூன்றாம் முறை கேட்டுவிட்டான்.

வசதி இருக்கட்டும் என்பீர்கள், தெரியும். நர்ஸை உங்களுக்குப் பிடித்துவிட்டது.

நல்லது. மடிக்கணினி திறந்திருக்கிறது, நாற்காலி காலி. வந்து உட்காருங்கள்.