நீலப் புள்ளி

குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து மேடம் வருவதற்கு முன்பே என் நாத்தனார் வந்துவிட்டார். கூடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்து, நீண்ட பயணத்துக்குத் தயாரானவர் போல உட்கார்ந்தார்.

"நான் ஒண்ணும் பேச மாட்டேன். ஓரமா உக்காந்துட்டுப் போறேன்," என்றார்.

அவர் அப்படிச் சொன்ன நாள்களில்தான் தெருவே கேட்கும்படி பேசியிருக்கிறார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"அக்கா, இன்னைக்கு அந்த மேடம் பார்த்துட்டுச் சொல்றதுலதான் எல்லாம் இருக்கு," என்றார் அவர். "பிள்ளை நம்மகிட்ட இருக்குமா இல்லையான்னு அவங்கதான் எழுதணும். உன்னைக் கேட்டா மட்டும் பதில் சொல்லு."

"கேக்காட்டி?"

"தண்ணி குடி."

எங்களுடையது வாடகைக் கடை. வீட்டின் முன்பக்கம் கடை, பின்பக்கம் நாங்கள். கல்யாணமோ பிறந்தநாளோ இழவோ, நாற்காலியும் மேசையும் பெரிய பாத்திரங்களும் எங்களிடமிருந்து போகும். முடிந்ததும் திரும்பி வரும். சிரித்தாலும் அழுதாலும் மனிதன் உட்கார்ந்துதானே ஆக வேண்டும் என்பார் என் கணவர். வியாபாரத்துக்குக் குறையில்லை. குழந்தைதான் இல்லை.

பெற்றவர்களோடு இருக்க முடியாமல் போன குழந்தைகளை, ஒரு முடிவு தெரியும்வரை, அந்த அலுவலகம் வீடுகளில் விட்டு வளர்க்கச் சொல்லும். அப்படித்தான் அவள் எங்களிடம் வந்தாள். ஏழு வயது. எங்களுக்கு முன்பே மூன்று வீடுகள் பார்த்தவள். முதல் வீட்டில் அவர்களுக்கே ஒரு குழந்தை பிறந்துவிட்டது, அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது வீட்டுக்காரர்கள் வேறு ஊருக்கு மாறிப் போனார்கள். சாமான்களில் இவளைச் சேர்க்கவில்லை. மூன்றாவது வீட்டில், சாப்பாட்டை எடுத்து ஒளித்துவைக்கிறாள் என்று புகார்.

வந்த அன்று அவள் எங்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும். குளியலறைத் தாழ்ப்பாளை உள்ளிருந்து போட்டுப் பார்த்தாள். சமையலறை அலமாரிக்குப் பூட்டு இருக்கிறதா என்று பார்த்தாள். கட்டிலில் ஏறி ஒரு குதி குதித்தாள். பிறகு எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பரவால்ல," என்றாள். அன்றிலிருந்து என் கணவர் அவளை மேனேஜர் என்றே கூப்பிட்டார். எங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. எனவே அவள் அவரை, "கடைக்காரரே" என்றாள்.

"கடைக்காரரே, சாப்பிட வாங்க."

"இதோ வந்துட்டேன் மேனேஜர்."

அலுவலகத்தில் கொடுத்தனுப்பிய பையை மட்டும் அவள் பிரிக்கவே இல்லை. துணியை எடுப்பாள், துவைத்துக் காய்ந்ததும் மறுபடி பைக்குள் வைப்பாள். பை எப்போதும் கட்டிலுக்கடியில், கைப்பிடி வெளியே தெரியும்படி இருக்கும்.

சாப்பாட்டை ஒளித்ததும் உண்மைதான். எங்கள் வீட்டில் அதற்கு வசதி அதிகம். ஆளே உள்ளே உட்காரும் அளவுக்குப் பெரிய பாத்திரங்கள் இருக்கும் வீடு. ஒரு நாள் வாடகைக்கு எடுத்தவர் போன் செய்து, "அண்டாவுக்குள்ள ரொட்டியும் பிஸ்கட்டும் இருக்கே, இது என்ன?" என்று கேட்டார். என் கணவர் கொஞ்சமும் யோசிக்காமல், "கடையோட அன்பளிப்பு சார். பெரிய பாத்திரம் எடுக்கிறவங்களுக்கு மட்டும்," என்றார். பிறகு மூடி போட்ட ஒரு சின்னப் பாத்திரத்தைத் தனியாக எடுத்து அவளிடம் கொடுத்தார். "இது வாடகைக்குப் போகாது. இதுல வெச்சுக்கோ. மத்ததுல வெச்சா கஸ்டமர் தின்னுடுவான்."

பெற்றவர்களிடம் அவள் திரும்பிப் போக இனி வழியில்லை, விருப்பமிருந்தால் நீங்களே தத்தெடுக்கலாம் என்று அலுவலகம் சொன்னபோது நாங்கள் யோசிக்கவில்லை. யோசிக்கும் வேலையை நாத்தனார் எடுத்துக்கொண்டார்.

"யார் பெத்ததோ, என்ன ரத்தமோ. மூணு வீட்டுலேருந்து திரும்பி வந்த பிள்ளைடா அது," என்றார் தம்பியிடம். "ரத்தம்தான் கடைசியில வந்து நிக்கும். என் சின்னவனை எடுத்துக்கோ. பத்திரத்துல எழுதிட்டா முடிஞ்சுது."

அவருக்கு இரண்டு மகன்கள். சின்னவனுக்கு அப்போதே மீசை அரும்பியிருந்தது.

மேடம் வந்தார். மெலிந்த, களைத்த முகம். அன்று அவர் பார்க்கும் எத்தனையாவது வீடோ. அறைகளைப் பார்த்தார், என்னிடம் பேசினார், என் கணவரிடம் பேசினார். குழந்தை முகம் கழுவிக்கொண்டிருப்பதாகச் சொன்னேன். அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"குடும்பத்துல மத்தவங்க இதுக்கு ஆதரவா இருக்காங்களா?"

நாத்தனார் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஆதரவுதாங்க. அதுக்குத்தானே என் பையனையே தரேன்னு சொல்றேன்."

மேடம் பேனாவை நிறுத்தினார். "உங்க பையனையா? அவன் இவங்ககூட இந்த வீட்டுல இருப்பானா?"

"அதெப்படி? அவன் என் வீட்டுலதான் இருப்பான். அவனுக்கு அவன் கட்டில் இல்லேன்னா தூக்கம் வராது."

"சாப்பாடு, படிப்பு?"

"எல்லாம் நான் பாத்துக்கறேன். வேற யார் சமைச்சாலும் அவனுக்கு ஒத்துக்காது."

"அப்ப இவங்களுக்கு என்ன தத்து?"

"பேருதான்," என்றார் நாத்தனார் பெருந்தன்மையாக. "அப்புறம் கடை அவனுக்கு."

மேடம் எதுவும் எழுதவில்லை. ஆனால் அவர் கண்கள் கீழே எதையோ பார்த்து அங்கேயே நின்றன. நானும் பார்த்தேன். கடைப்பக்கத்திலிருந்து கூடத்தின் குறுக்காக, குளியலறை வரை, தரையில் வரிசையாக நீலக் கறைகள். ஒரு காலின் கறை மட்டும். நொண்டி ஒருவன் நீல மையில் நடந்து போனது போல.

குளியலறைக் கதவு திறந்தது. அவள் குதிகாலை ஊன்றி நொண்டிக்கொண்டே வந்தாள்.

"கால்ல என்னம்மா?" என்றார் மேடம்.

"ஒண்ணுமில்லை."

"காட்டு பார்ப்போம்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தூக்கிக் காட்டினாள். உள்ளங்காலின் நடுவே ஒரு நீலப் புள்ளி. கொஞ்சம் தேய்ந்திருந்தது. ஆனால் எங்கள் கடைப் புள்ளிதான்.

எங்கள் நாற்காலி ஒவ்வொன்றின் அடியிலும் அந்தப் புள்ளி இருக்கும். நாலு கடைச் சாமான் ஒரே மண்டபத்தில் கலந்து கிடக்கும்போது, எது யாருடையது என்று தெரிய வேண்டுமே. ஒருத்தருக்குச் சிவப்புக் கோடு, ஒருத்தருக்கு மஞ்சள் வட்டம், எங்களுக்கு நீலப் புள்ளி.

மேடத்தின் முகம் மாறியது. "இது உங்க கடை முத்திரைதானே? வரும்போது வாசல்ல கவுத்து வெச்ச நாற்காலியில பார்த்தேன்."

"ஆமாங்க, ஆனா..." என்றார் என் கணவர்.

"குழந்தை உடம்புல கடை முத்திரை. இதை நான் எழுதாம இருக்க முடியாது. இன்னைக்கே இவளைக் கூட்டிட்டுப் போக வேண்டியிருக்கும்," என்று எழுதத் தொடங்கினார்.

நாத்தனாருக்கு வாய் திறக்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. "நான் அப்பவே சொன்னேன் மேடம். இந்த வீட்டுல சாமானுக்கும் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியாது."

மண்டபத்தில் நூறு பேரை எதிர்த்துப் பேசுகிற என் கணவர் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டு நின்றார். அவள் எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். மெல்ல இறங்கி, நொண்டிக்கொண்டே உள்ளே போனாள். கட்டிலுக்கடியிலிருந்து பை இழுபடும் சத்தம் கேட்டது. மூன்று வீடுகளில் பழகிய சத்தம் அது. சொல்வதற்குள் கிளம்பிவிடும் பிள்ளை.

பையோடு வந்தாள். மேடத்தின் காலடியில் வைத்தாள். பை காலியாக, தட்டையாகக் கிடந்தது.

"இந்தாங்க. இது உங்க ஆபீஸ் பை. இதுல உங்க ஆபீஸ் முத்திரை இருக்கு. நீங்க எடுத்துட்டுப் போங்க."

"உன் துணியெல்லாம் எங்க?"

"காலையிலேயே அலமாரியில வெச்சுட்டேன்."

மேடம் பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இந்தப் புள்ளியை யார் வெச்சா?"

"நான்தான். கடைக்காரருக்குத் தெரியாது. தெரிஞ்சா பெயின்ட்டை வீணாக்காதேன்னு திட்டுவார்."

"எதுக்கு வெச்சே?"

அவள் இதுகூடத் தெரியாதா என்பது போல மூச்சுவிட்டாள்.

"அன்னைக்கு மண்டபத்துல நம்ம நாற்காலியை வேற கடைக்காரங்க லாரியில ஏத்திட்டாங்க. இவர் லாரிக்கு முன்னாடி போய் நின்னுட்டார். எல்லாத்தையும் இறக்கச் சொல்லிக் கவுத்துக் கவுத்துப் பார்த்தார். கடைசியில நம்மளது ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. அதுக்கும் கால் உடைஞ்சிருந்துச்சு. அந்த ஆளு, 'உடைஞ்ச நாற்காலிக்கா இவ்ளோ சண்டை, வெச்சுக்கய்யா'ன்னு சிரிச்சான். இவர், 'உடைஞ்சாலும் எங்களுது'ன்னு தோள்ல தூக்கிட்டு வந்தார்." கொஞ்சம் நிறுத்தி, மேடத்துக்கு விளங்கும்படி மெதுவாகச் சொன்னாள். "புள்ளி இருந்தா எங்க கொண்டுபோனாலும் இங்கதான் திரும்பி வரணும். அதான் ரூல். காயறதுக்குள்ள நடந்துட்டேன், அவ்ளோதான்."

மேடம் எழுதியதைக் கோடு போட்டு அடித்தார். பிறகு இருமினார், இருமல் மாதிரிதான் ஆரம்பித்தது, சிரிப்பாக முடிந்தது.

"இவர் நல்லா பார்த்துக்கறாரா?" என்று கேட்டார்.

"பரவால்ல," என்றாள் அவள்.

என் கணவர் கடைக்குள் போய் எதையோ தேடுவது போல வெகுநேரம் நின்றார். திரும்பி வந்தபோது கையில் மண்ணெண்ணெயும் பழைய துணியும் இருந்தன. "காலை நீட்டு மேனேஜர்."

"அழிக்காதீங்க."

"தரையை அழிக்கிறேன். காலை விட்டுடறேன்."

அவள் எங்கள் மகளாவதற்கு அதன் பிறகும் பல மாதங்கள் பிடித்தன. நாத்தனார் அதுவரையிலும் அதற்குப் பிறகும் ரத்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். அவருடைய மகன்கள் படித்தார்கள், வெளிநாடு போனார்கள், அங்கேயே வீடு வாங்கினார்கள். நாத்தனார் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் போனில் அந்த வீடுகளின் படத்தைக் காட்டுவார். எத்தனை அறை என்று சொல்வார். அதில் அவருக்கு எது என்று என் கணவர் ஒரு நாளும் கேட்டதில்லை. அந்த நாகரிகம் அவரிடம் இருந்தது.

போன மழைக்காலத்தில் என் கணவர் இறந்துபோனார். அன்று எங்கள் நாற்காலிகள் எங்கள் வாசலிலேயே போடப்பட்டன. வாடகை யாரிடம் கேட்பது என்று அவர் இருந்திருந்தால் ஒரு வேடிக்கை பேசியிருப்பார். நாத்தனார் நடுவில் உட்கார்ந்து, வந்தவர்களிடமெல்லாம், "தம்பிக்கு ரத்த சொந்தம்னு ஒரு வாரிசு இல்லாமப் போச்சே," என்று அழுதார். பெரியவன் பூ அனுப்பியிருந்தான். சின்னவன் போனில் தெரிந்தான். அங்கே அப்போது அவனுக்குக் காலைச் சாப்பாட்டு நேரம், கையில் கரண்டி இருந்தது. செய்ய வேண்டியதையெல்லாம் என் மகள் செய்தாள். யாரும் அவளை எந்த உரிமையில் என்று கேட்கவில்லை. கேட்க நினைத்தவர்களும் அவள் போட்ட நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

எல்லோரும் போன பிறகு அவள் நாற்காலிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்து அடுக்கினாள். அழுதுகொண்டேதான். ஆனால் ஒன்றைக்கூடப் பார்க்காமல் அடுக்கவில்லை; அவர் பழக்கிய பழக்கம். கடைசியில் மிஞ்சியது நாத்தனார் உட்கார்ந்திருந்தது.

"அத்தை, கொஞ்சம் எழுந்திருங்க."

நாத்தனார் எழுந்தார். அவள் அதைக் கவிழ்த்தாள். புள்ளி தேய்ந்து, இருந்த இடம் மட்டும் தெரிந்தது. உள்ளே போய்ப் பெயின்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்து வந்து, புதிதாக ஒன்று வைத்தாள். நாத்தனார் சுவரைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தார். வாசலில் ஆட்டோ நிற்கிறதா என்று பார்க்கவில்லை. தன் வீட்டுச் சாவியைப் பையில் தேடவுமில்லை.

"ஏண்டி," என்றார் கடைசியில், யாரையும் பார்க்காமல். "அந்தப் பெயின்ட் இன்னும் மிச்சம் இருக்கா?"

என் மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன்.

"இருக்கு அத்தை. செருப்பைக் கழட்டுங்க," என்றாள். "ஆனா காயற வரைக்கும் காலைக் கீழ வைக்கக் கூடாது. நான் வெச்சுக் கெடுத்திருக்கேன். நீங்க இங்கேயே இருங்க."